சொல்லாமல் விட்ட வரி

வீட்டில் பேசும்போது எஸ்தரின் குரல் நின்றதே இல்லை. தையல் பிரிவில், இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் தடையில்லாமல் வந்தது. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் மட்டும், பாதி வாக்கியத்தில், யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றுவிடும்.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய காலணித் தொழிற்சாலை அது. மேல்பாகம் தைக்கும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்த எஸ்தர்தான் அங்கே சங்கச் செயலாளர். தொண்டையில் வந்த புற்றுக்காக அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு கழுத்தில் ஒரு குரல்பட்டை. இரண்டு விரல் அகலம்; தோலின் நிறம். பேச எண்ணும்போது தொண்டைத் தசைகளுக்கு வரும் நரம்புத் துடிப்பை அது பிடித்துச் சொல்லாக மாற்றும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு பதிவுசெய்து வைத்திருந்த அவருடைய சொந்தக் குரலிலேயே ஒலிக்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

தொழிற்சாலைக்குத் தையல் ரோபோக்கள் வரவிருந்தன. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று பிரிக்காமல் ஒருவரையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது சங்கத்தின் நிலை. அதைச் சொல்ல வேண்டியவர் எஸ்தர். முதல் இரண்டு சுற்றிலும் அவர் குரல் நின்றது. பட்டையை அணைத்துப் போட்டு மறுபடி பேச ஆரம்பிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டிருந்தது. நிர்வாகத்தின் வழக்கறிஞர் ராமபத்ரன் மிகுந்த பணிவோடு, அம்மாவுக்கு முடியவில்லை என்றால் வேறு யாராவது பேசலாமே என்றார். தையல் பிரிவுப் பெண்கள் அதை வைத்து எஸ்தரைச் சீண்டினார்கள். "நமக்கு முன்னாடி உன் மெஷினு ஸ்டிரைக் பண்ணுதேக்கா, அதுக்கும் சந்தா வாங்கிடு" என்றாள் ஒருத்தி.

பட்டையைச் செய்த சென்னை நிறுவனம் நஸ்ரினை அனுப்பிவைத்தது. சிறிய நிறுவனம். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் எங்கே சிக்குகிறது என்று தடம் பிடிப்பது நஸ்ரினின் வேலை. எஸ்தரின் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பட்டைக்குள் லினக்ஸ் ஓடுகிறது, அது யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எஸ்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ இப்ப இன்னா பண்ணப் போற, அத சொல்லு" என்றார்.

"தாலுகா ஆபீஸ் மாதிரி நெனச்சுக்கங்கக்கா. உள்ள ஓடற ஒவ்வொரு ப்ரோகிராமும் எது வேணும்னாலும் கவுண்டர்ல போய்த்தான் கேக்கணும். படிக்கணுமா, எழுதணுமா, காத்திருக்கணுமா, எல்லாத்துக்கும் கவுண்டர். நான் பக்கத்துல நின்னு யார் எப்ப வந்தாங்க, என்ன கேட்டாங்க, எங்க நின்னுட்டாங்கன்னு பாப்பேன்."

"மனுவப் பிரிச்சிப் படிப்பியா?"

"முதல் வரி மட்டும் தெரியும். அதுக்கு மேல வெட்டிடும்."

மனதில் நினைப்பதும் அந்தக் கவுண்டருக்கு வருமா என்று எஸ்தர் கேட்டார். நஸ்ரின் மறைக்கவில்லை. வாய் திறக்காமல் நமக்குள் பேசிக்கொள்ளும்போதும் தொண்டை லேசாக அசையும். பட்டை அதையும் சேர்த்தே கேட்கும். சத்தமாகச் சொல்லவேண்டியது எது, சொல்லக்கூடாதது எது என்று இன்னொரு நிரல், அதாவது இன்னொரு ப்ரோகிராம், பிரிக்கும். பிரித்ததும் மிச்சம் அழிந்துவிடும். இந்த இரண்டு நிரல்களுக்கும் நடுவில்தான் சிக்கல் இருப்பதாக அவளுக்குச் சந்தேகம்.

"அப்ப நடுவுல கொஞ்ச நேரம் அது இருக்கும்."

"கண்ணு மூடித் தொறக்கற நேரம்கூட இல்லக்கா."

எஸ்தர் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். "எனக்குப் பேச்சு நிக்கக் கூடாது. அவ்ளோதான். செய்."

அன்று வீட்டில் கோளாறு வரவில்லை. கிடைத்த தடத்தை, அதாவது கவுண்டரில் நடந்ததன் பதிவை, நஸ்ரின் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள் கூடும் பொதுத்தளத்தில் போட்டாள். அங்கே வழக்கம் அதுதான். வெறும் வாயால் குறை சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தடத்தை எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும். எஸ்தோனியாவில் இருந்த ஒருவர் பதில் போட்டார். கோளாறு இதில் இல்லை, தவிர வரிகள் முப்பத்திரண்டு எழுத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன, அடுத்த முறை வெட்டாமல் எடுங்கள் என்றார். நியாயமான கோரிக்கை. வரிகள் முழுதாக வரும்படி நஸ்ரின் கட்டளையில் ஓர் எண்ணை மாற்றினாள். முதல் வரி மட்டும் என்று எஸ்தரிடம் சொன்னது அப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் சுற்றில் இரு தரப்பின் சம்மதத்தோடு அவள் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நிரந்தரத் தொழிலாளிகள் ஒருவரையும் தொடமாட்டோம், எல்லோருக்கும் புதுப் பயிற்சி தருகிறோம், ஒப்பந்தப் பெண்களின் விஷயத்தை மட்டும் பிறகு பார்க்கலாம் என்றார் ராமபத்ரன். எஸ்தரின் குரல் அந்த இடத்தில் நின்றது. அவர் பட்டையை அணைத்து எழுப்பினார். "முடியாது. எல்லாருக்கும் சேத்துதான்" என்றார். ராமபத்ரன் நிர்வாகியின் காதில் ஏதோ சொன்னார். பயிற்சியில் ஒப்பந்தப் பெண்களையும் சேர்ப்பதாக அன்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். மற்றவை அடுத்த சுற்றுக்கு.

நஸ்ரினுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கோளாறு திரையில் அகப்பட்டிருந்தது. இரண்டு நிரல்கள், ஒன்று கையில் வைத்திருப்பதற்காக மற்றது காத்திருக்க, இரண்டுமே நகராமல் நின்ற இடம் அப்பட்டமாகத் தெரிந்தது. சொல்லாமல் அடக்கிய ஒன்றுக்குப் பின்னால் சொல்லவேண்டிய ஒன்று உடனே வந்தால்தான் அப்படி நிற்கும். பேச்சுவார்த்தை மேசையில் மட்டும் ஏன் நின்றது என்பதற்கு அதுவே விடை.

அந்தச் சில நிமிடங்களின் தடத்தை அன்றே பொதுத்தளத்தில் போட்டாள். போடுவதற்கு முன் செய்யவேண்டியதை எல்லாம் செய்தாள். பெயரை எடுத்தாள், பட்டையின் வரிசை எண்ணை எடுத்தாள், ஊரை எடுத்தாள். அந்தரங்கமாக ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள். இந்த மாதிரித் தடத்தில் ஆங்கிலம் எழுத்து எழுத்தாகத் தெரியும். தமிழ் அப்படித் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் 340, 256 என்று எண்களாக உடைந்து, சாய்கோடுகளோடு வரிவரியாகக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த எண்களைத் தாண்டிப் போகவே அவள் கண் பழகியிருந்தது. அவற்றைத் திரும்ப எழுத்தாக்க ஒரே ஒரு கட்டளை போதும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் அவள் மனதில் ஒன்று சேரவில்லை.

எஸ்தோனியக்காரர் திருத்தத்தை அனுப்பினார். சிறிய திருத்தம், அழகாக இருந்தது. குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் என்று நஸ்ரினின் பெயரைத் திருத்தத்தின் அடியில் சேர்த்திருந்தார். இனி உலகத்தில் எங்கே யார் கழுத்தில் இந்தப் பட்டை ஏறினாலும் உள்ளே அவள் பெயர் இருக்கும். அவள் எஸ்தரைத் தொலைபேசியில் அழைத்து, இனிமேல் நிற்காது என்றாள். அந்தப் பக்கம் எஸ்தர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பட்டையிலிருந்துதான் வந்தது.

தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குப் பிறகு ஒரு வரி வந்தது. யார் போட்டது என்று கடைசிவரை தெரியவில்லை; நஸ்ரினின் பெயரை வைத்துத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். மேலே எண்களின் படம், பொதுத்தளத்தின் முகவரி. கீழே தமிழில்: "கான்ட்ராக்ட் பொம்பளைங்கள விட்டுட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்." எஸ்தரக்கா வாயால் சொல்லாதது என்று ஒரு தலைப்பு. அடுத்து வந்த "முடியாது" என்ற வரியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் மேலாளர் வரதன் தன் கைபேசியை நஸ்ரின் முன்னால் வைத்தார். அவர் கத்தவில்லை. தமிழ் என்று தெரியாமலா போனது என்று மட்டும் கேட்டார். பொதுத்தளத்தில் அந்தப் பக்கத்தை மறைக்கச் சொல்லி எழுதினாள், மறைத்தார்கள். நகல்கள் எத்தனை நாடுகளில் இருக்கின்றன என்று அவர்களுக்கே தெரியாது. திருத்தத்திலிருந்து தன் பெயரையாவது எடுக்கச் சொன்னாள். ஒருமுறை சேர்ந்ததை எடுப்பதில்லை, அது உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று எஸ்தோனியக்காரர் அன்பாக எழுதினார். வரதன் இன்னொன்றும் சொன்னார். பட்டையில் சொல்லாமல் விடுவதையும் காட்டும் வகை கிடைக்குமா, என்ன விலை என்று இரண்டு நிறுவனங்களிலிருந்து கேட்டிருந்தார்களாம். அதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டதாக அவர் சொல்லவில்லை.

மூன்றாம் சுற்றின் முழுத் தடமும் நஸ்ரினின் மடிக்கணினியில் இருந்தது. வெட்டுப்பட்ட வரியை வெளியே காட்டினால் எஸ்தரைக் காப்பாற்றிவிடலாம் என்று அந்த ஒரு கட்டளையை ஓட்டினாள். எண்கள் தமிழாயின. "முடியாது" என்ற வரி அங்கே இருந்தது. அதோடு மூடியிருக்கலாம். மூடவில்லை. மேலே ஓட்டினாள். கால் மரத்துப்போனதைப் பற்றி எஸ்தர் நினைத்திருந்தார். ராமபத்ரனின் சட்டைப் பொத்தானைப் பற்றி நினைத்திருந்தார். மகன் சமைத்துச் சாப்பிட்டானா என்று நினைத்திருந்தார். ஒப்பந்தப் பெண்களைப் பற்றிய வரிக்குச் சற்று மேலே, பொதுத்தளத்தில் போடாத பகுதியில், இப்படி இருந்தது: "நுரையீரலுக்குப் போயிடிச்சின்னு டாக்டரு சொல்லிட்டாரு. பொங்கலுக்கு மேல தாங்குமோ இன்னாவோ. அதுக்குள்ள முடிச்சிக் குடுத்துடணும்."

ஆம்பூருக்குப் போனபோது எஸ்தர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். நஸ்ரின் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டாள். நீங்க உக்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மின்விசிறியைச் சுழலவிட்டாள். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். எஸ்தர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சிட்டியா?"

நஸ்ரின் தலையாட்டினாள்.

"எது வரைக்கும்?"

"முழுசும்."

குரல் வரவில்லை. இந்த முறை கோளாறு இல்லை. எஸ்தர் உண்மையாகவே பேசாமல் இருந்தார். கடைசியில், "எம் பையனுக்கே தெரியாது" என்றார். பிறகு, "போனது போச்சி. அந்த ஒண்ணு வெளிய போவக் கூடாது. பாவம்னு ஒருத்தி எம் பக்கம் நிக்கக் கூடாது" என்றார். "முடியாது" என்ற வரியை வெளியே காட்டட்டுமா என்று நஸ்ரின் கேட்டதற்கு, ஒரு வரியைக் காட்டினால் மிச்சம் எங்கே என்று கேட்பார்கள் என்றார். நாளை மேசையில் யார் பேசுவது என்று முடிவுசெய்ய மாலையில் கூட்டம் இருந்தது. நீயும் வா என்று அவர் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

தேவாலயத்தின் கூடத்தில் வேலை முடிந்து வந்த பெண்கள் சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். பசையின் வாடை அடித்தது. ஒப்பந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தது நஸ்ரினின் கண்ணில் பட்டது. அவர்களில் பச்சையம்மா எழுந்தார். அடிப்பாகம் ஒட்டும் பிரிவு. இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருப்பவர். எஸ்தருக்குப் புற்று வந்தபோது வேலூர் மருத்துவமனையில் அவரோடு தங்கியவர் இவர்தான் என்று பக்கத்தில் இருந்தவள் நஸ்ரினிடம் சொன்னாள்.

"எனக்கு வளவளன்னு பேசத் தெரியாது" என்றார் பச்சையம்மா. "நெனச்சியா, நெனக்கலியா? அத மட்டும் சொல்லு."

எஸ்தர் எழுந்து நிற்பதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, மெஷின்காரப் பொண்ணே வந்திருக்கே, அதக் கேளுங்க என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். நஸ்ரின் எழுந்தாள். உண்மையைச் சொன்னால் எஸ்தர் தோற்பார். முழு உண்மையைச் சொன்னால் எஸ்தர் ஜெயிப்பார், ஆனால் அவர் மறைக்கச் சொன்னது வெளியே போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது மட்டும் சுலபமாக இருந்தது.

"பட்டை தப்பாவும் எழுதும்" என்றாள். "நெனக்காத வார்த்தைய எல்லாம் சில நேரம் கோத்துடும். அது அக்காவோட வார்த்தை இல்ல. எங்க மெஷினோட தப்பு."

கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. முன்வரிசையில் யாரோ கைதட்டக்கூட ஆரம்பித்தாள். எஸ்தர் கையை உயர்த்தினார்.

"நெனச்சேன்" என்றார்.

குரல் எங்கேயும் நிற்கவில்லை. நஸ்ரின் கொண்டுவந்த திருத்தம் நன்றாகவே வேலை செய்தது.

"ஏன் நெனச்ச?" என்றார் பச்சையம்மா.

"தோணிச்சி. நெனச்சேன். அப்புறம் முடியாதுன்னு சொன்னேன்."

பச்சையம்மா உட்காரவில்லை. எஸ்தரின் முகத்தில் எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டிருந்தார். நஸ்ரின் தரையைப் பார்த்தாள். தேடுகிற பொருள் தன் பையில் இருக்க, தெரியாதவள்போல் நிற்பதாக அவளுக்குப் பட்டது.

"நாளைக்கு நானும் வரேன்" என்றார் பச்சையம்மா. "நீயே பேசு. நா பக்கத்துல குந்திக்கினு இருப்பேன்." அப்படியாக எஸ்தரே பேசுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் மேசையில் அரசின் தொழிலாளர் அலுவலரும் இருந்தார். கண்டிப்பான, நடுவயதுப் பெண்மணி. எஸ்தர் பேச வாயெடுத்ததும் ராமபத்ரன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குறுக்கிட்டார். கைபேசியை மேசைமேல் வைத்து, முந்தைய மாலைக் கூட்டத்தில் யாரோ எடுத்த ஒரு பதிவை ஓடவிட்டார். நெனக்காத வார்த்தைய எல்லாம் சில நேரம் கோத்துடும் என்று நஸ்ரினின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எங்களுக்கு அம்மா மேல மரியாதை இருக்கு, மேடம்" என்றார் அவர் அலுவலரிடம். "இந்த மெஷின் மேலதான் இல்ல. செஞ்சவங்களே சொல்றாங்க. இது சொல்றது அவங்க வார்த்தைதான்னு நாங்க எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?" போன சுற்றில் பயிற்சி பற்றி நிர்வாகம் ஒப்புக்கொண்டதும் இந்த இயந்திரம் பேசியதற்குத் தந்த பதில்தான், ஆகவே அதையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார்.

எஸ்தர், "இது நாந்தான் பேசறேன்" என்றார். ராமபத்ரன் பட்டையைச் சுட்டிக்காட்டி, இதையும் அதுதானே சொல்கிறது என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

நஸ்ரின் எழுந்தாள். நேற்றுத் தான் சொன்னது பொய் என்றாள். பட்டை தவறே செய்யவில்லை, எஸ்தரைக் காப்பாற்றுவதற்காகத் தானாகவே அப்படிச் சொன்னதாகச் சொன்னாள். பச்சையம்மா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நேத்து சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்மா?" என்றார் ராமபத்ரன். "நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?" பிறகு அவரே வழியும் சொன்னார். மூன்றாம் சுற்றின் முழுத் தடமும் நிறுவனத்திடம் இருக்கும். அதைக் கொடுக்கட்டும். அம்மா எண்ணியதையும் பட்டை சொன்னதையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்போம். சரியாக இருந்தால் எங்களுக்கு ஆட்சேபணையில்லை.

அலுவலர் யோசித்துவிட்டு, அது நியாயம்தான் என்றார். தடம் இருக்கிறதா என்று நஸ்ரினைக் கேட்டார். பை அவள் மடியில் இருந்தது. இருக்கிறது என்று சொன்னால் கேட்பார்கள், நுரையீரல் வரியும் வெளியே போகும். இல்லை என்று சொன்னால் இன்னொரு பொய். அவள் வாய் திறக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

எஸ்தர் இரண்டு கைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோனார். கொக்கியைக் கழற்றிப் பட்டையை எடுத்து அலுவலரின் முன்னால் வைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். பச்சையம்மாவின் நாற்காலியை, அவர் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு கையால் முன்னுக்கு இழுத்தார்.

பச்சையம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "நானா?" என்றார். எஸ்தர் தலையாட்டினார். பச்சையம்மா முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, தான் அடிப்பாகம் ஒட்டுகிறவள் என்று ஆரம்பித்தார். பேரைச் சொல்ல மறந்துபோய், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இனித் தடம் கேட்க அங்கே வழியில்லை; ராமபத்ரன் குறிப்பெடுக்கத் தொடங்கினார். பயிற்சி விஷயத்தையும் பச்சையம்மா முதலிலிருந்து பேசவேண்டியிருந்தது.

பின்னால், பட்டை இருந்த இடத்தில் வெளுத்துப்போன எஸ்தரின் கழுத்தில் தசைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பச்சையம்மாவுக்கு எடுத்துக்கொடுத்தாரா, நஸ்ரினைத் திட்டினாரா, மகனை நினைத்தாரா, தெரியாது. அது எங்கேயும் எழுதப்படவில்லை.

நஸ்ரின் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.